எண்ணும் பாறை

நவம்பர் 10, ஞாயிறு

சுகந்தி வந்திருந்தாள். அவள் புருஷன் தயாளன் போன பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறுவது இதுதான் முதல் தடவை. வாசுகி காபி போட உள்ளே போனதும் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாள்.

"ஏனுங்ணா, என்னையச் சங்குமுடிக்குக் கூட்டிட்டுப் போறீங்களா? அவரு போன அதே டிசம்பர் ரெண்டாவது சனிக்கிழமை. காலைல ஏறிப்போட்டு சாயந்தரம் எறங்கற மாதிரி."

எட்டாயிரம் அடி, குளிர், அட்டை, உன் முழங்கால் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். காபியை ஆற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். "நீங்கதானுங்ணா எப்பவும் ப்ளான் போடறது. குரு போட்டா பிசகாதுன்னு அவரு சொல்லுவாரு" என்றாள். அதற்கு மேல் மறுக்க எனக்கு நாக்கு எழவில்லை.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. போன டிசம்பரில் ஏழு பேர் போனோம். உச்சியிலிருந்து இறங்கும்போது மேகம் மூடிக்கொண்டது. கணவாயில் ஒரு பெரிய பாறை இருக்கிறது. அங்கே நின்று ஆள் எண்ணினோம், ஏழு குரலும் வந்தது. கீழே செக்போஸ்ட்டுக்கு வந்து பார்த்தால் ஆறு பேர்தான். மூன்றாம் நாள் தயாளனின் உடலை எடுத்தது பாறைக்குக் கீழே இல்லை. பாறைக்கு மேலே, உச்சிக்குப் போகிற வழியில், முக்கால் கிலோமீட்டர் தள்ளி ஒரு சரிவில். ஆகவே எண்ணி முடித்த பிறகு அவனே தனியாகத் திரும்பி மேலே நடந்திருக்கிறான். போலீஸ் அப்படித்தான் எழுதிக்கொண்டது.

ஏன் திரும்பினான்? அதுதான் சுகந்தியின் கேள்வி. அந்தத் தூரத்தைத் தன் காலால் நடந்து பார்க்க வேண்டுமாம். "யோசிக்காம நடக்கற தூரமா, யோசிச்சு நடக்கற தூரமான்னு பாக்கோணும்ங்ணா" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டேன். இது போன வருஷத்துப் பயண நோட்டு. பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கிறது, இதிலேயே எழுதுகிறேன்.

நவம்பர் 11, திங்கள்

போன வருஷத்துப் பக்கங்களைச் சேர்த்துப் பின் அடித்து மூடினேன். நாலு பின்.

நவம்பர் 13, புதன்

நாகப்பனைக் கூப்பிட்டுச் சொன்னேன். எங்கள் பாலிடெக்னிக் கூட்டத்துக்கு அவன்தான் தலை. முன்னால் நடப்பவனும் அவன், எல்லாரையும் திட்டுபவனும் அவன்.

"எதுக்குடா அந்தப் புள்ளைய இழுத்துட்டுப் போற?"

"நான் எங்கடா இழுக்கறேன், அவதான் என்னைய இழுக்கறா."

பிறகு, "நானும் வரேன். நீ ஒருத்தனாச் சமாளிக்க மாட்டே" என்றான். மற்ற நாலு பேரையும் கேட்டேன். ஆளுக்கொரு கல்யாணம், ஆளுக்கொரு இடுப்பு வலி. அவர்களைக் குற்றம் சொல்லவில்லை.

நேரக் கணக்கு போட்டேன். ஆறரைக்கு செக்போஸ்ட். எட்டேகாலுக்கு ஓடை, அங்கே டிபன். பத்தேகாலுக்குப் பாறை. பதினொன்றேகாலுக்கு உச்சி. பன்னிரண்டுக்குத் திரும்பியே ஆக வேண்டும். ஒரு மணிக்கு மேல் மேகம் ஏறிவிடும். நாலு மணிக்குள் செக்போஸ்ட்டில் கையெழுத்துப் போடவேண்டும், அது காட்டிலாகாவின் கட்டளை.

ஆள் எண்ணுவது பற்றியும் எழுதி வைக்கிறேன். முதல் பயணத்திலேயே ஆளுக்கொரு எண் வைத்தோம். சாகிற வரைக்கும் மாறாது என்று சிரித்துக்கொண்டே வைத்த சட்டம். நாகப்பன் ஒன்று. நான் ஆறு. தயாளன் ஏழு, கடைசி ஆள். நிற்கும் இடத்தில் முன்னாலிருந்து வரிசையாகக் குரல் கொடுக்க வேண்டும். ஏழு காதில் விழுந்ததும் நாகப்பன் நடக்க ஆரம்பிப்பான், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். பதினாறு வருஷத்தில் கணக்கு ஒரு தடவையும் பிசகவில்லை.

போன வருஷமும் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ரிப்போர்ட்டிலும் அப்படியே இருக்கிறது. அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

நவம்பர் 17, ஞாயிறு

பழகுவதற்காக மருதமலைப் படி ஏறினோம். வாசுகியும் வந்து, பாதியில் உட்கார்ந்துவிட்டாள். சுகந்தி நிற்காமல் ஏறினாள். எனக்குத்தான் இரைத்தது.

மேலே தண்ணீர் குடிக்கும்போது ஆரம்பித்தாள். "மூணு வருஷம் அவருக்கு நீங்கதான் அட்டெண்டன்ஸ் போட்டீங்களாமா. கல்யாணமான புதுசுல சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

உண்மைதான். தயாளன் அன்னூரிலிருந்து பஸ் பிடித்து வருவான். முதல் வகுப்புக்கு ஒருநாளும் வந்து சேர்ந்ததில்லை. அவன் பேர் வந்ததும் நான் தலையைக் குனிந்து "ப்ரசன்ட் சார்" என்பேன். லேசாக மூக்கால் பேசி, கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்தால் தயாளன் வந்துவிடுவான். வாத்தியார் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. 'ப்ராக்ஸி' என்பதுதான் அப்போது என் பட்டப்பெயர்.

"எனக்கு அவரு குரலு மறந்துட்டே வருதுங்ணா. ஃபோன்ல ஒரே ஒரு வீடியோ இருக்குது, அதுலயும் மைக்செட் சத்தம். ஒருக்கா, ஒரே ஒரு வார்த்தை அவராட்டச் சொல்லுங்களே."

தொண்டை கட்டியிருக்கிறது என்றேன்.

"இவ்வளவு நேரம் நல்லாத்தானே பேசிட்டு வந்தீங்க" என்றாள். பிறகு வற்புறுத்தவில்லை.

நவம்பர் 18, திங்கள்

தொண்டை நிஜமாகவே கட்டிக்கொண்டது. மிளகு ரசம்.

நவம்பர் 22, வெள்ளி

மலையேற உடல்தகுதிச் சான்று வேண்டும். டாக்டரைப் பார்க்கப் போனேன். என் டோக்கன் பதினொன்று. பெஞ்சு நிறைய ஆட்கள், காய்ச்சல் சீசன்.

நர்ஸம்மா "ஏழு" என்று கூப்பிட்டார். யாரும் எழவில்லை. "ஏழாம் நம்பர் இருக்கறீங்களா, இல்லீங்களா" என்று மறுபடி கேட்டார். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"ஏழு" என்று ஒரு குரல் வந்தது. மூக்கால் பேசி, கடைசியில் கொஞ்சம் இழுத்து. பின்னால் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த அம்மா என்னை இடித்து, "நீங்கதானுங்களே சொன்னீங்க, எந்திரிச்சுப் போங்க" என்றார்.

ரத்த அழுத்தம் கூட இருக்கிறதாம். ஐந்து நாள் மாத்திரை சாப்பிட்டு வந்தால் சான்று தருகிறேன் என்றார் டாக்டர். கவலை ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன்.

நவம்பர் 28, வியாழன்

அனுமதி கிடைத்துவிட்டது. வழிகாட்டியாகப் போஜனையே போட்டிருக்கிறார்கள், போன வருஷம் வந்த அதே ஆள். ஃபோனில் பேசினேன்.

"அந்த அம்மாவா வர்றாங்க? வரட்டும் சார், நான் பாத்துக்கறேன்" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "ஒன்னு கேக்கலாமா சார்? அன்னைக்குப் பாறைல எண்ணி முடிச்சதும் நான் ஒரு எட்டு மேல போய்ப் பாத்துட்டு வரட்டுமான்னு கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

"இல்லியே போஜன்."

"கேட்டேன் சார். நீங்கதான் கணக்கு சரியா இருக்கு, வாங்கன்னு சொன்னீங்க. அதை நெனச்சுத்தான் மனசு ஆறமாட்டேங்குது. நானும் கணக்கை நம்பிட்டேன்."

எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது.

டிசம்பர் 1, ஞாயிறு

புது பூட்ஸ் காலுக்குப் பழகிவிட்டதா என்று பார்க்க சுகந்தி வீட்டுக்குப் போனேன். அவள் உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். போலீஸ் திருப்பிக் கொடுத்த தயாளனின் பூட்ஸ்.

"இதைப் பாருங்ணா."

வலது பூட்ஸின் அடி வாயைப் பிளந்து தொங்குகிறது. அதைச் சேர்த்து, சணல் கயிற்றால் நாலு சுற்றுச் சுற்றி, மேலே இரட்டை முடிச்சு.

"சாகோணும்னு போற மனுசன் எதுக்குங்ணா பூட்ஸைக் கட்டிட்டுப் போறாரு? இந்தக் கயிறு எங்க வீட்டுக் கயிறும் இல்லீங்க."

தண்ணீர் கேட்டேன். கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். கிளம்புகிற அன்று இருவருக்கும் சண்டை. மகளுக்குப் பரீட்சை, இவன் மலைக்குப் போகிறானே என்று. "போய்த் தொலைங்க, அங்கேயே கெடங்க, திரும்பி வரவே வேண்டாம்னு சொல்லிப்போட்டேன்ங்ணா. கேட்டைச் சாத்தக்கூட நான் வெளிய வரலை. அதான் அத்தனை பேரு கூட எறங்கிட்டிருந்தவரு, எண்ணிக்கை வரைக்கும் குடுத்துட்டு, திரும்பி மேலயே போயிட்டாரு. நாந்தான் அனுப்பிச்சேன்."

அப்படியெல்லாம் இருக்காதும்மா என்றேன். வேறு என்னவா இருக்கும் சொல்லுங்க என்றாள். என் கண்ணையே பார்த்துக் கேட்டாள்.

காபி வேண்டாம் என்று கிளம்பிவிட்டேன்.

டிசம்பர் 7, சனி

சாமான் பட்டியல். மழைக்கோட்டு நாலு. கம்பளித் தொப்பி நாலு. டார்ச் இரண்டு. உப்பு, மூக்குப்பொடி (அட்டைக்கு). குளுகோஸ். முதலுதவிப் பெட்டி. சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் வாசுகி தருகிறாள். விசில் நாலு, ஆளுக்கொன்று. போன வருஷம் விசில் இல்லை.

சணல் கயிறு — வேண்டாம்.

பதினாறு வருஷமாக என் பையில் இருக்கிற கயிற்று உருண்டை அது. கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் போய் எடுத்து வந்து மறுபடி பைக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

அவளிடம் சொல்லிவிட வேண்டும். மேலே போய், அந்த இடத்தில் வைத்துச் சொல்லிவிடுகிறேன். என்ன சொல்ல வேண்டும் என்பதை இங்கே எழுதிப் பார்க்கலாம் என்று அரை மணி நேரமாகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

டிசம்பர் 12, வியாழன்

காலையில் வாசுகி தோசையைத் திருப்பிப்போட்டுக்கொண்டே கேட்டாள். "ஏனுங்க, தூக்கத்துல யாரு மாதிரி பேசறீங்க? தயாளண்ணன் வந்து கட்டில்ல படுத்திருக்கற மாதிரியே இருந்துச்சு. எந்திரிச்சு லைட்டைப் போட்டுப் பாத்தேன்."

என்ன பேசினேன் என்றேன்.

"என்னத்தைப் பேசினீங்க, ஏழு ஏழுன்னீங்க."

டிசம்பர் 13, வெள்ளி

ஊட்டி வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் நாகப்பன் ஒரு வார்த்தை பேசவில்லை. சுகந்தி பஸ்ஸில் நன்றாகத் தூங்கினாள். நாளைக்கு வானம் தெளிவாக இருக்கும் என்கிறார் போஜன்.

டிசம்பர் 14, சனி

அறைக்கு வந்து குளித்துவிட்டு எழுதுகிறேன்.

ஆறரைக்கு செக்போஸ்ட், சொன்னபடி. போஜன் முன்னால், அடுத்து நாகப்பன், பிறகு நான், கடைசியில் சுகந்தி. மூணு பேருக்கு என்ன எண்ணிக்கை வேண்டிக்கிடக்குது என்றான் நாகப்பன். சுகந்தி விடவில்லை. "எப்பவும் எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்யுங்க. அவரு நம்பரை நான் சொல்றேன்" என்றாள். ஓடையில் நாகப்பன் ஒன்று என்றான், நான் ஆறு என்றேன், அவள் ஏழு என்றாள். பெண் குரலில் அதைக் கேட்டதும் எனக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது.

பத்தேகாலுக்குப் பாறை. அங்கே அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். அங்கிருந்து புல்மேட்டில் நெட்டுக்குத்தான ஏற்றம். அவனை எடுத்த இடத்தைப் போஜன் காட்டினார். இடதுபக்கம் சரிவு, கீழே சோலைக்காடு. சுகந்தி புல்லைக் கையால் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"இருபத்தெட்டு நிமிசம்ங்ணா" என்றாள். "இருபத்தெட்டு நிமிசம் ஏறியிருக்காரு. யோசிக்காம யாரும் அவ்வளவு தூரம் ஏற மாட்டாங்க. யோசிச்சுத்தான் வந்திருக்காரு."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தான் வந்தேன். வாயைத் திறந்தேன், "உச்சிக்குப் போகலாமா" என்றுதான் வந்தது. எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது. அவள் வேண்டாம் என்றாள். பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டாளாம்.

இறங்க ஆரம்பித்ததும், பதினொரு மணிக்கே, மேகம் வந்துவிட்டது. என் கணக்கு அங்கேயே பிசகிவிட்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. சுகந்தி பின்னாலிருந்து, "நீங்க போங்ணா, காலு வலிக்குது, மெதுவா வரேன்" என்றாள். நின்றிருக்க வேண்டும். அவள் பக்கத்தில் நடக்கிற தைரியம் எனக்கு இல்லை. நடந்துவிட்டேன்.

பாறையில் நின்றோம். நாகப்பன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வழக்கம்போல முன்னால் பார்த்தபடி, "ஒன்னு" என்றான்.

"ஆறு" என்றேன்.

பின்னால் சத்தமே இல்லை. என் தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஏழு."

நாகப்பன் அடியெடுத்து வைத்துவிட்டான். யார் சொன்னது என்று எனக்கு உறைக்கவே ஒரு நொடி ஆயிற்று.

அப்போது மேலேயிருந்து, மேகத்துக்குள்ளிருந்து, சுகந்தியின் குரல் வந்தது.

"ஏனுங்க?"

அவளுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளை எனக்குத் தெரியும். தயாளனைத் தவிர யாரையும் அவள் அந்தக் குரலில் கூப்பிட்டதில்லை. "ஏனுங்க, அங்கதான் இருக்கறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஓடிவருகிற காலடிச் சத்தம். ஓடாதீங்கம்மா என்று போஜன் கத்தினார். மேகத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. ஆபீஸ் விட்டு வருகிறவனுக்குக் கதவைத் திறக்கிற முகம். என்னைப் பார்த்தாள். நாகப்பனைப் பார்த்தாள். போஜனைப் பார்த்தாள். பாறையைச் சுற்றி ஒருமுறை வந்து பார்த்தாள். திரும்ப என்னிடமே வந்தாள். அந்தச் சிரிப்பு போக அவ்வளவு நேரம் ஆயிற்று.

"டேய் குரு" என்றான் நாகப்பன். அவ்வளவுதான் சொன்னான்.

சொன்னேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். போன வருஷம் உச்சியிலிருந்து இறங்கும்போது தயாளனின் பூட்ஸ் அடி பிய்ந்துவிட்டது. என் பையிலிருந்து சணல் கயிறு எடுத்துக் கொடுத்தேன். "நீ போடா, கட்டிட்டுப் பின்னாலயே வரேன். நாகப்பன்கிட்டச் சொல்லாத, திட்டியே கொன்னுருவான். எண்ணினா எனக்கும் சேத்து ப்ராக்ஸி குடுத்துரு" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். பாறையில் எண்ணும்போது அவனுக்கும் சேர்த்துச் சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் வந்து சேர்ந்துகொள்வான் என்று நினைத்தேன். போஜன் போய்ப் பார்க்கட்டுமா என்றபோது, விளையாட்டு வெளியே வந்துவிடுமே என்று தடுத்தேன். செக்போஸ்ட்டில் ஆள் இல்லை என்றதும் எல்லாரும் ஒரே வாயாக, பாறை வரைக்கும் இருந்தான் என்றார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். அதனால் அன்றைக்கும் மறுநாளும் கீழ்ப்பக்கமே தேடினார்கள். மேலே மூன்றாம் நாள்தான் போனார்கள்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்த நோட்டிலும் எழுதியதில்லை.

சுகந்தி ஒவ்வொன்றாகக் கேட்டாள். "அப்ப அவரு திரும்பிப் போகலை."

"இல்ல."

"எறங்கிட்டுத்தான் இருந்தாரு."

"ஆமா."

"வீட்டுக்கு வர்றதுக்குத்தான் பூட்ஸைக் கட்டினாரு."

"ஆமாம்மா."

ஈரப் பாறையிலேயே உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் போனேன். "கிட்ட வராதீங்க" என்றாள். "ஒரு வருசம். நாந்தான் அனுப்பிச்சேன்னு ஒரு வருசமா சோறு எறங்கலை எனக்கு. எங்க ஊட்டுக்கு வந்து உக்காந்து, அப்படியெல்லாம் இருக்காதும்மான்னு சொல்லிட்டுப் போனீங்க."

இரண்டடி பின்வாங்கி நின்றேன்.

இறங்கும்போது அவள் போஜனோடு முன்னால் நடந்தாள். நாகப்பன் முதல் தடவையாகக் கடைசியில் வந்தான். ஓடையில் நின்றபோது யாரும் எண்ணவில்லை. போஜன் திரும்பி நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு நடந்தார்.

டிசம்பர் 15, ஞாயிறு

சுகந்தி ஃபோன் செய்தாள். "ஸ்டேசன்ல எழுதிக் குடுங்க" என்றாள். வைத்துவிட்டாள்.

டிசம்பர் 16, திங்கள்

வாசுகியிடம் சொன்னேன். அரைத்துக்கொண்டிருந்த மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முழுதும் கேட்டுவிட்டு மறுபடி போட்டாள்.

டிசம்பர் 18, புதன்

மலைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு மறுபடி போனேன். சுகந்தி எனக்கு முன்னாலேயே வந்து, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பூட்ஸ் பை. பக்கத்தில் போஜன், யூனிஃபார்மில். நான் வணக்கம் சொன்னேன். போஜன் மட்டும் தலையசைத்தார்.

இன்ஸ்பெக்டர் புது ஆள். பழைய ஃபைலைப் புரட்டிப் பார்த்தார். நான் கொண்டுபோன இந்த நோட்டின் பின்களை அவரே பிடுங்கி, போன வருஷத்துப் பக்கங்களையும் படித்தார். இதன் பேரில் என்ன நடவடிக்கை வரும் என்று இப்போது சொல்ல முடியாது, வக்கீலைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சரி என்றேன். எழுத்தர் வெள்ளைத்தாள் எடுத்தார். பேர், வயது, தொழில், விலாசம் எல்லாம் எழுதினார்.

"அன்னைக்கு நீங்க அந்தப் பாறைக்கு வந்து எண்ணும்போது, அங்க மொத்தம் எத்தனை பேர் இருந்தீங்க? வழிகாட்டிய விட்டுட்டுச் சொல்லுங்க."

எந்தக் குரல் வரப்போகிறதோ என்று எனக்கே பயமாக இருந்தது. சன்னலுக்கு வெளியே பெஞ்சில் சுகந்தியின் முதுகு தெரிந்தது. அவள் அசையாமல் இருந்தாள்.

"ஆறு" என்றேன்.

"சத்தமாச் சொல்லுங்க" என்றார் எழுத்தர்.

"ஆறு பேர் சார்."